மன இறுக்கத்துக்கு ஓர் ஏரிக்கரை

“ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” மனம் சோர்ந்திருப்பவரிடம் மருத்துவரும் இதைச் சொல்கிறார், மைத்துனரும் சொல்கிறார். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், கேட்பவரின் வீட்டில் தவணைத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும், சம்பளம் வந்திருக்காது, பெற்றோரில் ஒருவர் மருத்துவமனையில் இருப்பார். அவரிடம் கிட்டார் வகுப்பு, உடற்பயிற்சிக்கூடம், வார இறுதிச் சுற்றுலா என்று எதைச் சொன்னாலும் அது இன்னொரு செலவாகத்தான் காதில் விழும். பொழுதுபோக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் காலமும், அதற்கென்று பத்து ரூபாய்கூட ஒதுக்க முடியாத காலமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

செங்கல்பட்டு மாவட்டம் இதை அனுபவித்து அறிந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி கார் வெளிவந்தது 2022 ஜூலையில். இடைப்பட்ட மாதங்களில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் அடுத்து என்ன என்று தெரியாமல் காத்திருந்தன. சிறுசேரி, நாவலூர் பக்கத்து ஐ.டி. நிறுவனங்களில் இரவுப் பணி முடித்து விடிகாலையில் அறைக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு ஆட்குறைப்புப் பேச்சு பழகிப்போன ஒன்று. கொரோனா ஊரடங்கில் சுற்றுலாப் பயணிகள் வராமல் மாமல்லபுரத்தின் சிற்பக் கடைகள் முடங்கிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை படகுகள் கரையேறிவிடும்; அன்றைய வருமானம் அதோடு போயிற்று.

இதே மாவட்டத்துக்குத்தான் ‘ஏரிகள் மாவட்டம்’ என்ற பெயரும் உண்டு. அந்த ஏரிகளின் கரையில், காசு கேட்காத, ஆளை முழுதாக இழுத்துக்கொள்ளும் ஒரு பொழுதுபோக்கு காலங்காலமாக இருந்துவருகிறது: பறவை பார்ப்பது. அதை இந்தக் கட்டுரை பரிந்துரைக்கிறது. அதோடு நின்றுவிடவில்லை. அந்தப் பொழுதுபோக்கு மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நாம் வேகமாக இழந்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை போனபோது கிடைத்த கூடு

இந்தியப் பறவையியலின் தந்தையாகக் கருதப்படும் சாலிம் அலிக்கும் வேலை போயிருக்கிறது. பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்க உரையாளராக இருந்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது, நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பம்பாயில் குடித்தனம் நடத்தக் கட்டுப்படியாகாத நிலையில், மனைவியுடன் கடலுக்கு அக்கரையில் இருந்த கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை தேடும் மனிதருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. அவர் அந்தக் கூடுகளின் முன் உட்கார்ந்தார்.

மாதக்கணக்கில் பார்த்ததில் அதுவரை தெளிவாகத் தெரியாத ஒரு குடும்பக் கதை வெளிப்பட்டது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி வைக்கும். பெண் குருவிகள் வந்து சோதித்துப் பார்க்கும். ஒன்றுக்குப் பிடித்துவிட்டால் அது அந்தக் கூட்டைத் தனதாக்கிக்கொள்ளும். ஆண் அதைக் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணைக்குக் காத்திருக்கும். இந்தக் கதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வெளிவந்தபோது சாலிம் அலியின் பெயர் உலகப் பறவையியலில் பதிந்தது. அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு மரம், அதில் சில கூடுகள், பொறுமை, ஒரு குறிப்பேடு. தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் பனைகள் மதுராந்தகம், செய்யூர் வயல்வெளிகளில் இன்றும் உண்டு.

சாலிம் அலி பயிற்சி பெற்றவர், அவரோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நெருக்கடியின் உச்சத்தில் இருந்த இன்னொருவரைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் 1940இல் நார்வேயில் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பக்ஸ்டன், போர் முடியும்வரை ஜெர்மானியரின் கைதி முகாம்களில் இருந்தார். முள்வேலியின் மீதும் அதற்கு அப்பாலும் ‘ரெட்ஸ்டார்ட்’ என்ற சிறு பறவை வந்துபோவதைக் கவனித்தார். தன்னைப் போன்ற கைதிகளையும் சேர்த்துக்கொண்டு முறைவைத்து ஒரே ஒரு பறவை இணையை நூற்றுக்கணக்கான மணி நேரம் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1950இல் அது புத்தகமானது. அவரோடு முகாமில் பறவை பார்த்தவர்களில் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவில் பறவை ஆய்வு நிலையம் நிறுவினார். பீட்டர் காண்டர் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். பசியும் வெறுமையும் நிறைந்த முகாமில், எப்போது விடுதலை என்று தெரியாத மனிதர்கள், நாளை காலை அந்தப் பறவை கூட்டுக்கு என்ன கொண்டுவரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். துன்பத்தை அது குறைத்ததா என்பது வேறு கேள்வி. நாளைக்காகக் காத்திருக்க ஒரு காரணத்தைக் கொடுத்தது.

எதனால் இது ஆளைப் பிடித்துக்கொள்கிறது?

கவலையின் வேலை, ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாலும், கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போனாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. கண் ஒரு பக்கம் பார்க்க, மனம் தன் கணக்கைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கும். மீன்கொத்தியைப் பார்ப்பவரால் அப்படி இருக்க முடியாது. அது கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. எப்போது பாயும் என்பது அதற்குத்தான் தெரியும். ஒரு நொடி கவனம் சிதறினால் நீரில் வளையம் மட்டும்தான் மிச்சம். பறவை நமக்காகக் காத்திருக்காது என்பதே இந்தப் பொழுதுபோக்கின் பலம்.

அடுத்தது, இதில் கற்றுக்கொள்வதற்கு முடிவே இல்லை. ஆனால் முதல் படி மிகத் தாழ்வானது. காகத்துக்கும் அண்டங்காக்கைக்கும் வேறுபாடு தெரிந்தால் தொடங்கிவிட்டீர்கள். அதன் பிறகு, கம்பியில் உட்காரும் கரிச்சான், புதரில் கும்பலாகக் கத்தும் தவிட்டுக்குருவி, பனைமரத்தைச் சுற்றி ஓயாமல் பறக்கும் உழவாரன், முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டு என்று வீட்டைச் சுற்றியே பாடம் நீளும். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று புதிதாகத் தெரியவரும். வேலையில் எல்லாமே தேங்கி நிற்பதாக உணரும் ஒருவருக்கு, வாழ்க்கையின் ஒரு மூலையிலாவது தான் முன்னேறிக்கொண்டிருப்பது தெரிவது பெரிய ஆறுதல்.

ஆய்வுகளும் இதை ஆமோதிக்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 1,292 பேர் கைப்பேசிச் செயலி வழியாகத் தங்கள் மனநிலையை அவ்வப்போது பதிவுசெய்தார்கள். பறவைகளைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது; அதன் சுவடு 8 மணி நேரம்வரை நீடித்தது; மனச்சோர்வு இருந்தவர்களிடமும் இது காணப்பட்டது. அதே ஆண்டில் பெர்லினின் மேக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி நிறுவனத்தினர் 295 பேருக்கு ஒலிப்பதிவுகளை 6 நிமிடம் கேட்கவைத்தார்கள். பறவை ஒலி கேட்டவர்களிடம் பதற்றம் குறைந்தது. வாகன இரைச்சல் கேட்டவர்களிடம் மனச்சோர்வு உணர்வு கூடியது. இங்குள்ள ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு இரண்டாவது முடிவுக்கு ஆய்வே தேவையில்லை.

ஊரடங்கின்போது உலகமே இதைச் செய்து பார்த்தது. ‘இ-பேர்டு’ என்ற இலவசப் பதிவுத் தளம் 2020 மே 9 அன்று நடத்திய உலகப் பறவை நாளில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. பலரும் வீட்டு மாடியிலிருந்தும் சன்னலிலிருந்தும் எண்ணியவர்கள்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்கு மருத்துவத்துக்கு மாற்றாகாது. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6% பேர் ஏதோவொரு மனநலச் சிக்கலில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். ஏரிக்கரைக்கு அதன் பிறகும் போகலாம்.

ஓர் ஊர் கட்டிக்காத்த ஏரி

வேடந்தாங்கலுக்கு வருவோம். மதுராந்தகத்துக்கு அருகில், சுமார் 30 ஹெக்டேர் பரப்பில், பெரிதென்று சொல்ல முடியாத ஒரு பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்று வரிசையாக வந்து கூடு கட்டுகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் பல்லாயிரம் பறவைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை கரையில் நின்றால், அலகில் சுள்ளியோடு வரும் பறவையும், அந்தச் சுள்ளியை வாங்கிச் செருகும் இணையும், பக்கத்துக் கூட்டிலிருந்து சுள்ளி திருடும் இன்னொன்றும் கண்ணெதிரே நடமாடும்.

இது தானாக நிலைத்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் ‘கவுல்’ என்ற பத்திரமாக எழுதி வாங்கினார்கள். 1858இல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பன்னாட்டு அங்கீகாரம் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் தன் அங்கீகாரத்தைக் கொடுத்துவிட்டது.

ஊருக்கு இதில் ஆதாயமும் இருந்தது. பறவைகளின் எச்சம் விழுந்து சத்தேறிய ஏரி நீர் வயலுக்குப் பாயும்போது உரச் செலவு குறைந்தது. அந்த நன்றியை ஊர் பல வகையில் காட்டுகிறது. பறவைகள் கூடு கட்டியிருக்கும் பருவம் என்பதால் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் வேடந்தாங்கல். குழந்தைகள் உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, சிறிய நுழைவுக் கட்டணம் செலுத்தி, அரை நாள் முழுக்கத் தன்னை மறந்து ஒருவர் நிற்க முடிகிறதென்றால், அந்த மலிவுக்கான விலையை வேறொருவர் முன்பே கொடுத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஏரியைத் தூர்வாரியவர்கள், வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பியவர்கள், பட்டாசை விட்டுக்கொடுத்தவர்கள் கொடுத்த விலை அது. தனிமனிதருக்குச் செலவில்லாத இன்பம் எதுவும் பொதுச்சொத்து இல்லாமல் கிடைப்பதில்லை. கடற்கரையில் நடப்பது, நூலகத்தில் படிப்பது, மைதானத்தில் பந்து ஆடுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பொது இடங்கள் சுருங்கச் சுருங்க, ஏழைக்குப் பொழுதுபோக்கு என்று கைப்பேசித் திரை ஒன்றே மிஞ்சும்.

என்ன வேண்டும் தொடங்க?

முதல் மாதம் எதுவுமே வாங்க வேண்டாம். ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா போதும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கால் மணி நேரம். மாடி, கொல்லை, பேருந்து நிறுத்தம், ஆலையின் வாசல் மரம், எதுவானாலும் சரி. என்ன பார்த்தோம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகு, வால், நிறம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். தமிழில் க.ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’, ப.ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதிய ‘பறவைகள்’ என்ற அறிமுகக் கையேடு போன்ற நூல்கள் உண்டு. ‘மெர்லின்’ என்ற இலவசச் செயலி, பறவையின் படத்தையோ குரலையோ வைத்துப் பெயரை ஊகித்துச் சொல்லும். செயலி சொன்னதை அப்படியே நம்பாமல் கண்ணால் சரிபார்ப்பதுதான் பயிற்சி.

ஆர்வம் நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு பைனாகுலர் பற்றி யோசிக்கலாம். 8×42 என்று எழுதியிருப்பது தொடக்கக்காரர்களுக்குப் பொருந்தும். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். இதைவிட அதிகப் பெருக்கம் வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டாலும் போதும்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்தை நெருங்கும்போதே கொளவாய் ஏரி கண்ணில் படும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் இதுபோன்ற ஏரிகளின் வழக்கமான குடிகள். கரிக்கிலியில் குளிர்கால வாத்துகள் இறங்கும். வேடந்தாங்கலின் கூட்டமும் அங்கே இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் காயல் பகுதியும் உப்பளங்களும் வேறோர் உலகம். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் உள்ளான்கள் சேற்றில் ஓடி ஓடி இரை பொறுக்கும். ஆலாக்கள் நீருக்கு மேலே நின்று பார்த்துத் தலைகுப்புறப் பாயும். நீர்மட்டம் சாதகமாக இருந்தால் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம்.

மாமல்லபுரம் வரை போகிறவர்கள், அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் ஒரு பறவை பார்ப்பவரின் கண்ணோடு நின்று பார்க்க வேண்டும். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மான், தவக்கோலத்தில் நிற்கும் பூனை, அதன் காலடியில் எலிகள், பெரிய யானையின் கால்களுக்கிடையே ஒதுங்கிய குட்டிகள். சற்றுத் தள்ளி, பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம். இவற்றை இதிகாசத்தை மட்டும் வைத்துச் செதுக்க முடியாது. காட்டிலும் ஊரிலும் பொறுமையாக நின்று பார்த்த கண்கள் அந்தச் சிற்பிகளுக்கு இருந்திருக்கின்றன. பல்லவர் காலத்துக் கலையின் அடியில் கிடப்பதும் இந்த மலிவான பழக்கம்தான். அந்தப் பாறையைத் தெருவில் நின்றே பார்க்கலாம். ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் அந்த மானை வரைந்து பார்ப்பதும் அரை நாளை விழுங்கும் ஒரு பொழுதுபோக்கு.

யாருக்கு நேரம் இருக்கிறது?

பணமில்லாமல் தொடங்கலாம், நேரமில்லாமல் தொடங்க முடியாது. ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வீட்டில் மன இறுக்கத்தை முழுக்கச் சுமப்பவருக்குப் பொழுதுபோக்கு கிடைக்காமல், “எனக்கு டென்ஷன்” என்று சொல்லிவிட்டு ஆண் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டால், ஒருவரின் ஆறுதல் இன்னொருவரின் சுமையாகிவிடுகிறது. விடுமுறை நாளின் காலைச் சமையலை ஆண் எடுத்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கின் முதல் உபகரணம், பைனாகுலர் இரண்டாவது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கும் திட்டம் 2021 மே முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்கும் படிப்புக்கும் போவதற்கு மட்டுமே அது என்று யாரும் விதிக்கவில்லை. சும்மா ஓர் ஏரியைப் பார்க்கப் போவதற்கும் அது உதவட்டும். ஆனால், போகிற இடத்தில் கழிப்பறையும், தனியாக நின்றால் கேள்வி கேட்காத சூழலும் இல்லையென்றால் இலவசப் பயணத்தால் என்ன பயன்?

எது இதைக் கெடுக்கும்?

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைத் தொடங்கினாலும் அதைப் போட்டியாக்கிவிடுவோம். பறவை பார்ப்பதிலும் இது புகுந்துவிட்டது. சில லட்ச ரூபாய் லென்ஸ், அதைத் தூக்க இன்னொருவர், நல்ல படத்துக்காகக் கூட்டை நெருங்குவது, குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பது, மாலையில் முகநூலில் விருப்பக் குறிகளை எண்ணுவது. அலுவலகத்து மன அழுத்தத்தை அப்படியே ஏரிக்கரைக்கு மாற்றிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். பிள்ளைகளைப் பொறுத்தவரை, “இதற்குச் சான்றிதழ் உண்டா, கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா” என்று பெற்றோர் கேட்கும் கணத்தில் அது பொழுதுபோக்காக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

இதற்கு மாற்றாக நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன், சட்டம் படித்தவர். நிரந்தர வேலையின் பாதுகாப்பு இல்லாமல் சென்னையில் எழுதிப் பிழைத்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கேமராவில் கறுப்பு-வெள்ளைப் படங்கள் எடுத்தார். காக்கை, அணில், தெருநாய் போன்ற அன்றாட உயிர்களைப் பற்றிக்கூட அவரால் சுவையாக எழுத முடிந்தது. அரிய பறவையைத் தேடி விமானம் ஏற வேண்டியதில்லை என்பதற்கு அந்த அரை நூற்றாண்டு எழுத்தே சாட்சி.

அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டியவை

ஏரிகளை ‘அழகுபடுத்துவது’ இப்போது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. கரை முழுக்க கான்கிரீட், வண்ண விளக்கு, செல்ஃபி மேடை, படகுச் சவாரி, ஒலிபெருக்கி. இவ்வளவும் வந்த பிறகு பறவை வராது. மன இறுக்கத்தோடு வருபவருக்கும் அங்கே வேலையில்லை. கோரையையும் நீரிலுள்ள கருவேல மரங்களையும் ஏரியின் ஒரு பாதியிலாவது தொடாமல் விட வேண்டும். மண் கரையில் நடைபாதை, நிழல், உட்கார இடம், சுத்தமான கழிப்பறை. இவை போதும், செலவும் குறைவு. இதற்கெல்லாம் முன்பாகக் கழிவுநீர் ஏரியில் கலப்பதை நிறுத்த வேண்டும்.

வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள சரணாலயப் பகுதியைச் சுருக்கும் யோசனை 2020இல் வெளிவந்தபோது, ஊரடங்குக்கு நடுவிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. காரணம் எளிது. பறவை தங்குவது ஏரியில். இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் சிறு ஏரிகளிலும். சுற்றுப்புறம் போனால் மரமும் நீரும் மட்டும் மிஞ்சும், பறவை மிஞ்சாது. ராம்சார் பலகையை வைத்தால் மட்டும் போதாது. அந்த எல்லை தொடப்படாது என்ற உறுதி வேண்டும்.

இன்னும் இரண்டு சிறிய கோரிக்கைகள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஞாயிறுதோறும் விடிகாலையில் செங்கல்பட்டிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பேருந்து வேண்டும். பறவை பார்க்க ஏற்ற நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் கணக்காக இருக்கட்டும். மாவட்ட நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் புத்தகம்போல பைனாகுலரையும் இரவல் தர வேண்டும். ஒரு நூலகத்துக்கு ஐந்து போதும். வாங்க முடியாதவருக்கும் வாங்கலாமா என்று தயங்குபவருக்கும் அது கதவைத் திறக்கும்.

ஏரி என்றால் பாசனம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று மூன்று கணக்குகளை நம் நிர்வாகம் வைத்திருக்கிறது. மக்களின் மனநலம் நான்காவது கணக்காகச் சேர வேண்டும். சிகிச்சைக்கு வழியில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அமைதியான இடம் இருப்பது ஆடம்பரமல்ல; அடிப்படை வசதி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம், உங்கள் ஊர் ஏரியில் நின்று எண்ணினால் போதும். அடுத்த பொங்கலுக்கு எண்ணுங்கள். பொங்கல் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஜனவரி 26 வருகிறது, அன்று கிராம சபை கூடும். உங்கள் பட்டியலை அங்கே கொண்டுபோய், “இந்த ஏரியில் இத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றன, இதைக் காக்க வேண்டும்” என்று தீர்மானமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வேடந்தாங்கல்காரர்கள் ஆட்சியரிடம் போய்க் கேட்டுத்தான் வாங்கினார்கள். நாமும் கேட்க வேண்டும்.